ஆனந்தின் 23 நகர்த்தல்கள்: ஒரு பெரிய ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் படிப்பது எப்படி?

2013 ஜனவரி 15. நம் ஊரில் மாட்டுப் பொங்கல். நெதர்லாந்தின் கடலோரக் கிராமமான விக் ஆன் ஜீயில் டாடா ஸ்டீல் செஸ் போட்டியின் நான்காவது சுற்று. வெள்ளைக் காய்களோடு ஆர்மீனியாவின் லெவோன் ஆரோனியன். கறுப்போடு அன்றைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த். 23 நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிட்டது. தோற்றவர் சாதாரண ஆளில்லை, அந்தச் சமயத்தில் 2800 ரேட்டிங்கை (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) தாண்டி நின்றவர்.

இந்த ஆட்டத்தைப் பலரும் போனில் இரண்டு நிமிடத்தில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆஹா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மொட்டை மாடியில் சில பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த ஒரே ஆட்டத்துக்கு மூன்று ஞாயிறு எடுத்துக்கொள்வேன். மூன்றாவது வாரம் முடியும்போது, அதுவரை காய்களை எண்ணி மட்டுமே ஆடிக்கொண்டிருந்த பிள்ளை கோடுகளைப் பார்க்க ஆரம்பித்திருக்கும். அந்த மூன்று வாரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காய்கள் எப்படி நகரும், கட்டங்களுக்குப் பெயர் என்ன என்பது தெரிந்தால் போதும். ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். மந்திரி என்றால் மூலைவாட்டில் போகும் காய், பிஷப்.

படி 1: உட்காருவதற்கு முன்

நிஜமான பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் விரிப்பும் காய்களும் போதும். திரையில் பார்ப்பதும் கையால் காயை எடுத்து வைப்பதும் ஒன்றில்லை. மந்திரியைக் கையில் பிடித்து நகர்த்தும்போது அது போகும் மூலைவாட்டுக் கோடு முழுவதும் கண்ணில் படும்.

எஞ்சினை, அதாவது நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலை, அணைத்துவிடுங்கள். கடைசிப் படி வரை அது வேண்டாம்.

பலகையைத் திருப்பி, கறுப்புப் பக்கம் உட்காருங்கள். ஜெயித்தவர் எங்கே உட்கார்ந்தாரோ அங்கிருந்து பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டு, ஒரு பேனா. கீழே வரும் நகர்த்தல்களை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக இறக்கிப் படியுங்கள். "நிறுத்துங்கள்" என்று நான் எழுதிய இடத்தில் உண்மையிலேயே நிறுத்துங்கள். அதைத் தாண்டி ஓடினால் இந்தக் கட்டுரையால் பயனில்லை.

படி 2: தொடக்கத்தை வேகமாகக் கடப்பது

முதல் பதினொரு நகர்த்தல்கள் இவை (ஒவ்வொரு வரியிலும் முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு; காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய்):

1. டி4, டி5
2. சி4, சி6
3. குதிரை எஃப்3, குதிரை எஃப்6
4. குதிரை சி3, இ6
5. இ3, இன்னொரு குதிரை டி7
6. மந்திரி டி3, டி5 சிப்பாய் சி4-ஐ எடுக்கிறது
7. மந்திரி சி4-ஐ எடுக்கிறது, பி5
8. மந்திரி டி3, மந்திரி டி6
9. காஸ்லிங், காஸ்லிங் (இருவரும் ராஜா பக்கம்)
10. ராணி சி2, மந்திரி பி7
11. ஏ3, யானை சி8

இதற்குப் பெயர் செமி ஸ்லாவ், அதில் மெரான் வகை. இத்தாலியின் மெரானோ நகரில் 1924-ல் நடந்த போட்டியில் குருன்ஃபெல்டுக்கு எதிராக ரூபின்ஸ்டீன் இதை ஆடி வென்றார். ஊர்ப் பெயரே வகைக்கும் பெயராகிவிட்டது. ரூபின்ஸ்டீன் என்ற பெயரை மட்டும் மனதில் வைத்திருங்கள், மறுபடி வருவார்.

இதை இப்போது மனப்பாடம் செய்ய வேண்டாம். புதிதாகப் படிக்கிறவர்கள் தொடக்க நகர்த்தல்களில்தான் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்.

கறுப்பின் இரண்டு மந்திரிகளையும் பாருங்கள். ஒன்று டி6-ல் நின்று ஹெச்2-ஐப் பார்க்கிறது. இன்னொன்று பி7-ல் இருக்கிறது. அதற்கு முன்னால் சி6-ல் தன் பக்கச் சிப்பாயே மறித்துக்கொண்டு நிற்கிறது. அந்தச் சிப்பாய் விலகினால் பி7-லிருந்து கோடு எங்கே போகும்? விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்: சி6, டி5, இ4, எஃப்3, ஜி2, ஹெச்1. வெள்ளை ராஜாவின் வீட்டுக்குள் நேராகப் போகிறது. இந்தப் பி7 மந்திரி பத்தாவது நகர்த்தலில் அங்கே வந்து உட்கார்ந்தது. ஆட்டம் முடியும்வரை அது மறுபடி அசையவே இல்லை. கடைசியில் ஆரோனியனைத் தப்பவிடாமல் பிடித்ததும் இதுதான். நோட்டில் முதல் வரியாக எழுதிவையுங்கள்: "பி7 மந்திரி."

இரண்டாவது, சி8 யானை. அதே சி வரிசையில் வெள்ளையின் குதிரையும் ராணியும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் மறிப்பது சி6 சிப்பாய் மட்டும்.

ஆக, அந்த ஒரே சிப்பாய் இரண்டு காய்களின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

படி 3: எதிராளி என்ன கேட்கிறார்?

12. குதிரை ஜி5.

ஆரோனியன் ஹெச்7 மேல் குறிவைக்கிறார். ஜி5 குதிரை, டி3 மந்திரி, அதற்குப் பின்னால் அதே கோட்டில் சி2 ராணி. நிறுத்துங்கள். கறுப்புக்கு நீங்கள் என்ன ஆடுவீர்கள்? எழுதுங்கள்.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் "ஹெச்6, குதிரையை விரட்டு" என்பார்கள். அதை வைத்துப் பாருங்கள். 12... ஹெச்6 (எண்ணுக்குப் பிறகு மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்த்தல்) ஆடினால் 13. மந்திரி ஹெச்7, செக். அதைக் குதிரையால் எடுத்தால், 14. ராணி ஹெச்7-ஐ எடுத்துச் செக்மேட். ஜி5 குதிரை ராணிக்குக் காவல் நிற்கிறது. எடுக்காமல் ராஜா ஹெச்8-க்கு நகர்ந்தால் மேட் இல்லை. ஆனால் "விரட்டு" என்று யோசிக்காமல் சொன்னவர் அந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆனந்த் ஆடியது 12... சி5.

ஹெச்7-ஐக் காக்கவே இல்லை. மறித்து நின்ற சிப்பாயை முன்னே தள்ளிவிட்டார். பி7 மந்திரியின் கோடு திறந்துவிட்டது. பக்கவாட்டில் தாக்கினால் நடுவில் பதில் சொல் என்று செஸ் பாடங்களில் சொல்வார்கள். அதைக் கேட்ட எல்லோருக்கும், ராஜாவின் முகத்துக்கு முன்னால் எதிராளியின் குதிரை நிற்கும்போது அப்படி ஆடத் தைரியம் வந்துவிடாது.

13. குதிரை ஹெச்7-ஐ எடுக்கிறது.

இப்போது அந்தக் குதிரை எஃப்8 யானையையும் தாக்குகிறது. அதைக் கறுப்புக் குதிரையால் எடுத்தால், வெள்ளை மந்திரி செக்கோடு திருப்பி எடுக்கும், ஒரு சிப்பாய் நஷ்டம். நிறுத்துங்கள். ஐந்து நிமிடம்.

13... குதிரை ஜி4.

யானை அடிபட்டு நிற்கிறது, ஆனந்த் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 14. குதிரை எஃப்8-ஐ எடுத்தால்? பலகையில் வைத்துப் பாருங்கள்: 14... மந்திரி ஹெச்2-ஐ எடுத்துச் செக், 15. ராஜா ஹெச்1, ராணி ஹெச்4. அடுத்து என்ன மிரட்டல்? மந்திரி ஜி3-க்கு விலகினால் ராணியிடமிருந்து செக். ராஜா ஜி1 போக வேண்டும், ராணி ஹெச்2-ல் செக்மேட். ஜி3 மந்திரியை எஃப் சிப்பாயால் எடுத்தாலும் செக் ராணியிடமிருந்து வருவதால் பயனில்லை. இந்த வடிவத்தைக் கையாலேயே இரண்டு மூன்று தடவை போட்டுப் பாருங்கள். உங்கள் சொந்த ஆட்டங்களில் அடிக்கடி வரும்.

படி 4: ஒரு கோட்டை மூடினால் எந்தக் கோடு திறக்கிறது?

14. எஃப்4.

நியாயமான பதில். டி6 மந்திரிக்கும் ஹெச்2-க்கும் நடுவே சிப்பாய் வந்து நின்றுவிட்டது. பெரும்பாலோர் இங்கே "சரி, தாக்குதல் முடிந்தது" என்று நினைப்பார்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகளிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: எஃப் சிப்பாய் எங்கிருந்து வந்தது? எஃப்2-லிருந்து. அப்படியானால் எஃப்2 இப்போது காலி. எஃப்2 காலியானால் ஜி1 ராஜாவிலிருந்து எந்தக் கோடு திறக்கிறது? எஃப்2, இ3, டி4, சி5, பி6, ஏ7. அதில் இன்னும் இ3-லும் டி4-லும் வெள்ளைச் சிப்பாய்கள் இருக்கின்றன.

14... சி5 சிப்பாய் டி4-ஐ எடுக்கிறது.
15. இ3 சிப்பாய் டி4-ஐத் திருப்பி எடுக்கிறது.

இ3-ம் காலி. இப்போது அந்த நீளக் கோட்டில் ராஜாவுக்கு மறைப்பு ஒன்றே ஒன்று, டி4 சிப்பாய்.

இதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்நிலை. நிலையை முழுதாக எழுதுகிறேன், நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி2, யானைகள் ஏ1, எஃப்1, மந்திரிகள் சி1, டி3, குதிரைகள் சி3, ஹெச்7, சிப்பாய்கள் ஏ3, பி2, டி4, எஃப்4, ஜி2, ஹெச்2.

கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானைகள் சி8, எஃப்8, மந்திரிகள் பி7, டி6, குதிரைகள் டி7, ஜி4, சிப்பாய்கள் ஏ7, பி5, இ6, எஃப்7, ஜி7.

கறுப்பு ஆட வேண்டும். நிறுத்துங்கள். இந்தமுறை பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. மூன்று நகர்த்தல்களையாவது எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளையின் பதிலையும் பக்கத்தில் எழுதுங்கள். தவறாக எழுதினாலும் குற்றமில்லை. எழுதாமல் அட்டையை இறக்குவதுதான் தவறு.

15... மந்திரி சி5.

சிப்பாய் எடுக்கக்கூடிய இடத்தில் மந்திரியைக் கொண்டுபோய் வைக்கிறார். எஃப்8 யானை இன்னும் அடிபட்டுத்தான் நிற்கிறது. இதை முதன்முதலில் பார்த்தபோது நான் அச்சுப் பிழையோ என்று நினைத்து மேலேயிருந்து மறுபடி ஆடிப் பார்த்தேன்.

டி4 சிப்பாய் மந்திரியை எடுத்தால் என்ன? டி7 குதிரை சி5-ல் திருப்பி எடுக்கும். அந்த நொடியே மூன்று விஷயம் நடக்கிறது. டி வரிசை திறக்கிறது. டி3 மந்திரி மேல் குதிரையும் ராணியும் சேர்ந்து பாய்கின்றன. மறைப்பாக நின்ற டி4 சிப்பாய் போய்விட்டதால் ராணி டி4-க்கு வந்து செக் வைக்கும் வழியும் கிடைக்கிறது. இதை ஆழமாகக் கணக்கிட இப்போது முயல வேண்டாம். ஒரு காயைக் கொடுத்து மூன்று கோடுகளை வாங்கியிருக்கிறார் என்பது புரிந்தால் போதும்.

இந்த யோசனையின் ஒரு பகுதி முன்கூட்டித் தயாரித்தது. 2012-ல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டோடு நடந்த உலக சாம்பியன் போட்டிக்காக ஆனந்தின் குழு செய்து வைத்த வேலை அது. அந்தப் போட்டியில் பயன்படவில்லை, எட்டு மாதம் கழித்து இங்கே கைகொடுத்தது. "அப்போ மனப்பாடம்தானே சார்" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. வீட்டில் போட்ட கணக்கு, மாதக்கணக்கில் கழித்து எதிராளி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வர வேண்டும். காய்கள் ஏன் அங்கே போகின்றன என்பது புரிந்தவருக்குத்தான் அது திரும்பி வரும். நம் தொடக்க நோட்டுகளுக்கும் இதே விதிதான். காரணம் எழுதாத நகர்த்தல் ஒரு மாதத்தில் மறந்துபோகும்.

படி 5: கையால் போட்டுப் பார்க்க வேண்டிய மேட்

16. மந்திரி இ2.

ஆரோனியன் எடுக்கவில்லை. டி3-ல் அடிபடவிருந்த மந்திரியைப் பின்வாங்கி, அதே வேகத்தில் ஜி4 குதிரையைத் தாக்குகிறார். அனுபவசாலியின் பதில். நிறுத்துங்கள், பத்து நிமிடம்.

16... டி7 குதிரை இ5.

இரண்டாவது காயும் சிப்பாய் வாயில். ஏன் இ5? எஃப்4 சிப்பாயும் டி4 சிப்பாயும் அந்தக் கட்டத்தைப் பார்க்கின்றன. ஆனால் டி4 சிப்பாயால் அதை எடுக்க முடியாது. எடுத்து நகர்ந்தால் சி5 மந்திரியின் கோடு திறந்து வெள்ளை ராஜாவுக்குச் செக் ஆகிவிடும். அதாவது அந்தச் சிப்பாய் கட்டிப்போட்டது போல நிற்கிறது; செஸ்ஸில் இதை "பின்" (pin) என்பார்கள். கோட்டைப் பார்க்கிறவருக்கு இது உடனே தெரியும், காயை மட்டும் எண்ணுகிறவருக்குத் தெரியாது.

அப்படியானால் 17. எஃப்4 சிப்பாய் இ5-ஐ எடுத்தால்?

இந்த இடத்தில் போன வருடம் ஒரு சின்னப் பெண், ஐந்தாம் வகுப்பு, பலகைக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்துகொண்டு தானே போட்டுப் பார்த்தாள். ராணியை எடுத்து டி8-லிருந்து நேராக டி4-ல் சிப்பாயை எடுத்து வைத்தாள். "செக்." நான் வெள்ளை ராஜாவை ஹெச்1-க்கு நகர்த்தினேன். அவள் ராணியைத் தூக்கி ஜி1-ல் வைத்தாள். ராஜாவுக்கு ஒட்டியே.

"என்னம்மா இது, ராணியைக் குடுக்கிற?"

"ராஜா எடுக்க முடியாது சார், மந்திரி பாக்குது. யானைதான் எடுக்கணும்."

எஃப்1 யானையால் ராணியை எடுத்தேன். அவள் ஜி4 குதிரையை எஃப்2-ல் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சார், ராஜா எங்க போவாரு? நாலு பக்கமும் அவங்க ஆளுங்களே நிக்கறாங்க" என்றாள்.

அதுதான் மூச்சடைப்பு மேட். ஹெச்1 ராஜா, பக்கத்தில் ஜி1-ல் தன் யானை, முன்னால் ஜி2, ஹெச்2-ல் தன் சிப்பாய்கள். குதிரையை எடுக்க ஆளில்லை. சி2 ராணிக்கு எஃப்2 வரை வர வழி இருக்கிறதா என்று பாருங்கள்: நடுவில் இ2-ல் அவரது சொந்த மந்திரியே மறிக்கிறது. பின்வாங்கிப் போன அதே மந்திரி!

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ராணி டி8-லிருந்து டி4-க்கு எப்படி வந்தது? டி7-ல் நின்ற குதிரை விலகியதால். இ5-க்குப் போனது தாக்குதலுக்காக என்று தோன்றும். உண்மையில் அது ராணிக்கு வழிவிட்டது. அதனால் 17. குதிரை எஃப்8-ஐ எடுத்தாலும் இதே மேட் அப்படியே நடக்கும்: ராணி டி4 செக், ராஜா ஹெச்1, ராணி ஜி1, யானை எடுக்க, குதிரை எஃப்2. அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பதின்மூன்றாவது நகர்த்தலிலிருந்து இலவசமாக நிற்கும் யானையை வெள்ளை இன்னும் எடுக்க முடியாமல் தவிப்பதற்குக் காரணம் அப்போது புரியும்.

இந்தப் படியில் ஒரு முழு ஞாயிறு போனாலும் பரவாயில்லை.

படி 6: அமைதியான நகர்த்தலைக் கண்டுபிடிப்பது

17. மந்திரி ஜி4 குதிரையை எடுக்கிறது, மந்திரி டி4-ஐ எடுத்துச் செக்
18. ராஜா ஹெச்1, குதிரை ஜி4-ல் திருப்பி எடுக்கிறது
19. குதிரை எஃப்8 யானையை எடுக்கிறது

ஒருவழியாக யானையை எடுத்துவிட்டார். இப்போது காய்களை எண்ணுங்கள். இரு பக்கமும் ஐந்தைந்து சிப்பாய்கள். வெள்ளைக்கு முழு யானை அதிகம். ஆனால் எஃப்8 குதிரை தனியாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. ராஜாவாலோ ராணியாலோ உடனே எடுத்துவிடலாம். நிறுத்துங்கள். எடுப்பீர்களா?

19... எஃப்5.

எடுக்கவில்லை. ஒரு சிப்பாயைத் தள்ளினார், அவ்வளவுதான். செக் இல்லை, எதையும் பிடிக்கவும் இல்லை. மேலே உள்ள தியாகங்களைவிட எனக்கு இந்த நகர்த்தல்தான் பிடிக்கும். கறுப்பு ராஜாவுக்கு இருந்த ஒரே ஆபத்து, சி2 ராணி அந்த நீளக் கோட்டில் ஹெச்7-க்கு வருவது. எஃப்5 சிப்பாய் அந்த வழியை அடைத்துவிட்டது, ஜி4 குதிரைக்கும் தூணாக நிற்கிறது. அதன் பிறகு ராணி ஹெச்4-க்கு வந்தால் போதும். தாக்குகிறவர் இடையில் ஒரு நகர்த்தலைத் தன் ராஜாவுக்காகச் செலவிட்டால் எதிராளி தப்பிவிடுவாரா என்று கணக்குப் போட்டு, தப்ப முடியாது என்று கண்டபிறகு ஆடியது இது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் தோற்பது, இந்த இடத்தில் அவசரப்பட்டுச் செக் வைத்துத்தான்.

20. குதிரை ஜி6

காரணம் கண்டுபிடியுங்கள். ஜி6 குதிரை எந்தக் கட்டங்களைப் பார்க்கிறது? ஹெச்4 அதில் ஒன்று. ராணி வரவேண்டிய இடத்தை அடைக்கிறார்.

20... ராணி எஃப்6
21. ஹெச்3, ராணி ஜி6 குதிரையை எடுக்கிறது

இப்போது ஹெச்3 சிப்பாயால் ஜி4 குதிரையை எடுத்தால்? ராணி ஹெச்6, செக்மேட். ஹெச் வரிசை திறந்துவிட்டது, ஜி1-ஐ டி4 மந்திரி பார்க்கிறது. நடுவில் வந்து மறிக்க ஒரு வெள்ளைக் காயும் இல்லை.

22. ராணி இ2, ராணி ஹெச்5

இங்கே இரண்டு பின்கள் ஒரே நேரத்தில். ஹெச்3 சிப்பாயால் ஜி4 குதிரையை எடுக்க முடியாது, பின்னால் ராஜா. ஜி2 சிப்பாயால் நகரவே முடியாது. ஏன்? நோட்டின் முதல் வரியைப் பாருங்கள். பி7 மந்திரி. சி6, டி5, இ4, எஃப்3 எல்லாம் காலி. ஆகவே ராணி ஹெச்3-ஐ எடுத்தால் அது செக்மேட். ஜி2 சிப்பாயால் திருப்பி எடுக்க முடியாது.

23. ராணி டி3

மூன்றாவது வரியிலிருந்து ஹெச்3-ஐக் காக்கிறார். டி3, இ3, எஃப்3, ஜி3, ஹெச்3, வழி சுத்தமாக இருக்கிறது. கடைசி முறையாக நிறுத்துங்கள். கறுப்பு ஆடி, ஆரோனியன் ராஜினாமா செய்கிறார். என்ன நகர்த்தல்? குறிப்பு வேண்டுமென்றால், இந்தக் கட்டுரை முழுக்க நாம் எதைப் பார்த்துக்கொண்டு வந்தோமோ அதையே பாருங்கள்.

23... மந்திரி இ3.

டி3-க்கும் ஹெச்3-க்கும் நடுவே மந்திரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஜி1-ஐப் பார்ப்பதையும் விடவில்லை. ராணி அதை எடுத்தால் ஜி4 குதிரை ராணியை எடுக்கும். சி1 மந்திரி எடுத்தால் வெள்ளையின் சொந்த மந்திரியே தன் ராணியின் வழியை மறிக்கும்: ராணி ஹெச்3-ஐ எடுத்துச் செக், ராஜா ஜி1, ராணி ஜி2-ல் செக்மேட், பி7 மந்திரி காவல். ஆரோனியன் இத்தோடு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

படி 7: பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பழைய ஆட்டம்

1907, போலந்தின் லோட்ஸ் நகரம். வெள்ளை ரோட்லெவி, கறுப்பு அகிபா ரூபின்ஸ்டீன். ஆனந்தின் ஆட்டம் முடிந்த உடனேயே எல்லோரும் இதைத்தான் நினைத்தார்கள். எந்தத் தரவுத்தளத்திலும் கிடைக்கும். முழுதாக ஆடிப் பாருங்கள், 25 நகர்த்தல்தான்.

பத்தொன்பதாவது நகர்த்தலில் ரூபின்ஸ்டீன் மந்திரியை பி6-க்குக் கொண்டுவந்து செக் வைக்கிறார். ராஜா ஹெச்1. குதிரை ஜி4. அங்கேயும் வெள்ளை எஃப்4 தள்ளியிருக்கிறது, அங்கேயும் ஒரு மந்திரி பி7-ல் காத்திருக்கிறது. 22-ல் ராணியை அடிபட விட்டுவிட்டு சி8 யானையால் சி3 குதிரையை எடுக்கிறார். 23-ல் இன்னொரு யானை டி2. 25-ல் யானை ஹெச்3, வெள்ளை ராஜினாமா.

இரண்டு பலகைகள் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு நிலைக்கும் பொதுவான கறுப்புக் காய்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். இரண்டு மந்திரிகள், ஜி4 குதிரை, சி வரிசை யானை. 106 வருட இடைவெளி, அடிப்படை அமைப்பு அதேதான். ஆனால் நகலில்லை: ரூபின்ஸ்டீன் யானைகளைக் கொண்டு முடித்தார், ஆனந்தின் சி8 யானை கடைசிவரை நின்ற இடத்திலேயே நின்றது.

படி 8: இப்போது எஞ்சின்

இனி ஸ்டாக்ஃபிஷைத் திறக்கலாம். முழு ஆட்டத்தையும் ஓடவிட்டு எண்களைப் பார்க்காதீர்கள். நீங்கள் நோட்டில் எழுதிய நகர்த்தல்களை மட்டும் போட்டுப் பாருங்கள். பதினைந்தாவது நகர்த்தலில் நீங்கள் வேறு ஒன்றை எழுதியிருந்தால், அதற்கு எஞ்சின் என்ன பதில் தருகிறது என்று பார்த்து, "நான் எதைக் கவனிக்கவில்லை?" என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "எஃப்8 யானை போய்விடும் என்று பயந்தேன்" என்பது ஒரு நல்ல வாக்கியம். "தப்பு" என்று மட்டும் எழுதுவது வீண்.

ஆரோனியனுக்கும் நியாயம் செய்யுங்கள். அவருக்கு எங்கே வேறு வழி இருந்தது என்று வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து தேடுங்கள். 13-ல் அந்தச் சிப்பாயை எடுக்காமல் இருந்தால்? 14-ல் எஃப்4-க்குப் பதில் வேறு ஏதாவது? உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர் ஒருவர் இருபத்து மூன்றே நகர்த்தலில் தோற்றதை வைத்து அவரைக் குறைவாக நினைக்கக் கூடாது. அவர் தந்த பதில்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, நாம் மேலே பார்த்தோம்.

படி 9: ஒரு வாரம் கழித்து

பலகையை வெறுமையாக்குங்கள். நோட்டைப் பார்க்காமல், வெள்ளையின் 15-வது நகர்த்தலுக்குப் பிறகான நிலையை நினைவிலிருந்து அடுக்குங்கள். பெரும்பாலும் எல்லோரும் ஏ3 சிப்பாயையோ சி8 யானையையோ மறப்பார்கள். அது பெரிய தவறில்லை. பி7 மந்திரியை மறந்தால் மட்டும் படி 4-லிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அடுக்கியபின் வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து, வெள்ளைக்கு அவர்களை விருப்பம்போல ஆடச் சொல்லுங்கள். நீங்கள் மந்திரியை எடுத்து சி5-ல் வையுங்கள்.